கடைசி ஒரு கெஜம்

டிவியில் ஒரு சங்கிலியைப் பார்த்ததும் அப்பா சோபாவிலிருந்து எழுந்துவிட்டார்.

2025 ஜனவரி. என் மகன் பிறந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. பேரனைப் பார்க்க அப்பாவும் அம்மாவும் முசிறியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். நாங்கள் இருப்பது கேன்சஸ் சிட்டியை ஒட்டிய ஓவர்லேண்ட் பார்க்கில். வெளியே பனி. அம்மாவுக்குக் கையில் குழந்தை. அப்பாவுக்குக் கையில் ரிமோட். சேனல் சேனலாகத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். பச்சை மைதானம். இரண்டு கம்பங்கள், நடுவில் ஒரு சங்கிலி. ஓரத்திலிருந்து சிலர் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவருகிறார்கள். ஒரு கம்பத்தை ஊன்றிச் சங்கிலியை விறைப்பாக இழுத்து, மறு கம்பத்தைப் பந்துக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார்கள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்க்கிறது.

"ஏம்மா, இவங்க எதுக்குச் சங்கிலி புடிக்கிறாங்க?"

அப்பா சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்தாறு அடி, நூறு லிங்ஸ் கொண்ட சங்கிலியை வயலிலும் வரப்பிலும் கருவேலங்காட்டிலும் இழுத்தவர். ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருந்தும் எனக்கு அமெரிக்கன் ஃபுட்பால் அரைகுறையாகத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை ஆபீசில் எல்லோரும் உள்ளூர் அணியின் சிவப்புச் சட்டை போட்டால் நானும் போடுவேன், அவ்வளவுதான். அப்பாவின் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் ஆட்டம் எனக்கே பிடிபட்டது.

நிலம் பிடிக்கிற ஆட்டம்

மைதானத்தின் நீளம் 100 கெஜம். ஜவுளிக்கடையில் அளக்கும் அதே கெஜம்தான், மூன்று அடி. இரண்டு முனையிலும் கூடுதலாக 10 கெஜத்துக்கு 'எண்ட் ஸோன்'. பந்தோடு எதிராளியின் எண்ட் ஸோனுக்குள் போனால் 'டச் டவுன்'. ஒரு பக்கத்துக்கு 11 பேர்.

ஒரே ஓட்டத்தில் அங்கே போய்விட முடியாது. பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு. அதற்குள் குறைந்தது 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. 'குவார்ட்டர்பேக்' என்பவர்தான் ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை வாங்கி, யாரிடமாவது கொடுப்பார், தூர எறிவார், அல்லது தானே ஓடுவார். பந்தோடு போனவரை எதிரணி சாய்த்த இடத்தில் அந்த வாய்ப்பு முடியும். அங்கிருந்து அடுத்தது தொடங்கும். அந்த 10 கெஜத்தை அளப்பதற்குத்தான் சங்கிலி. அதன் நீளமே 30 அடி.

இந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1881-இல் யேல், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய ஆட்டத்தில் ஒரு பாதி முழுக்க ஓர் அணி பந்தை விடாமல் வைத்திருந்தது, மறு பாதி முழுக்க மற்ற அணி. ஒரு புள்ளிகூட விழவில்லை. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப் போனார்கள். அடுத்த வருடமே வால்ட்டர் கேம்ப் என்பவர் முன்னின்று, மூன்று வாய்ப்பில் ஐந்து கெஜம் முன்னேறியாக வேண்டும் என்று விதி கொண்டுவந்தார். அதைக் கண்காணிக்கத் தரையில் கோடு போட வேண்டியிருந்தது. 1906-இல் அது 10 கெஜமானது. 1912-இல் நான்காவது வாய்ப்பு சேர்ந்தது. அன்றிலிருந்து கணக்கு மாறவில்லை.

"அப்ப இது பந்து விளையாட்டே இல்ல. நிலம் புடிக்கிற விளையாட்டு" என்றார் அப்பா. நான் படித்த எந்த விளக்கத்தையும்விட அது தெளிவாக இருந்தது.

பதினாறு பதினாறாக

தேசிய ஃபுட்பால் லீகில் 32 அணிகள். அமெரிக்கன் கான்ஃபரன்ஸ், நேஷனல் கான்ஃபரன்ஸ் என்று பதினாறு பதினாறாக இரண்டு பிரிவு. ஒவ்வொன்றும் நான்கு டிவிஷன்; டிவிஷனுக்கு நான்கு அணி. செப்டம்பரில் தொடங்கி 18 வாரங்களில் ஓர் அணி 17 ஆட்டம் ஆடும். முடிவில் ஒவ்வொரு கான்ஃபரன்ஸிலும் ஏழு அணிகள் பிளே ஆஃபுக்குப் போகும்: டிவிஷன் முதலிடங்கள் நான்கு, மீதியில் சிறந்தவை மூன்று.

முதல் இடத்தில் இருக்கும் அணிக்கு முதல் சுற்றில் ஓய்வு. மற்ற ஆறும் மோதி மூன்றாகும். முதலிட அணியோடு சேர்ந்து நான்கு, பிறகு இரண்டு. அந்த இருவருக்கும் நடக்கும் ஆட்டம்தான் கான்ஃபரன்ஸ் இறுதி. அதில் ஜெயித்தவர் இன்னொரு கான்ஃபரன்ஸில் ஜெயித்தவரை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் சந்திப்பார். இரண்டு கான்ஃபரன்ஸ் இறுதிகளும் ஜனவரி கடைசியில் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும்.

கூடைப்பந்திலோ பேஸ்பாலிலோ ஏழு ஆட்டத் தொடர் உண்டு. ஒருநாள் சறுக்கினாலும் மறுநாள் எழுந்துகொள்ளலாம். இங்கே எல்லாச் சுற்றுக்கும் ஒரே ஆட்டம்தான்.

எதற்கு இரண்டு கான்ஃபரன்ஸ்? அங்கேயும் ஓர் எல்லைத் தகராறு இருக்கிறது. 1950-களின் கடைசியில் டெக்சாஸ் எண்ணெய்ப் பணக்காரர் வீட்டுப் பிள்ளை லமார் ஹண்ட், லீகில் ஓர் அணி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. தன்னைப்போல ஏமாந்த சிலரைச் சேர்த்துக்கொண்டு 1960-இல் அமெரிக்கன் ஃபுட்பால் லீக் என்று தனிக்கடையே போட்டுவிட்டார். நஷ்டத்தைப் பார்த்து, தங்களுக்கு 'முட்டாள்கள் சங்கம்' என்று அவர்களே பேர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் வீரர்களுக்குச் சம்பளத்தை ஏற்றி ஏற்றிப் பெரிய லீகின் தூக்கத்தைக் கெடுத்தார்கள். 1966-இல் சமாதானம்; 1970-இல் ஒன்றாக இணைந்தார்கள். புதிய லீகின் அணிகள் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் ஆயின. எண்ணிக்கை சமமாக வேண்டும் என்று பழைய லீகிலிருந்து பால்டிமோர், கிளீவ்லேண்ட், பிட்ஸ்பர்க் அணிகள் இந்தப் பக்கம் வந்தன.

ஹண்ட் தன் சொந்த அணியை முதலில் டாலஸில் வைத்திருந்தார். 1963-இல் அதைக் கேன்சஸ் சிட்டிக்குக் கொண்டுவந்து 'சீஃப்ஸ்' என்று பெயர் மாற்றினார். அமெரிக்கன் கான்ஃபரன்ஸில் ஜெயிப்பவருக்குத் தரும் கோப்பைக்கு இன்று அவர் பெயர்தான்.

சொந்த மண்ணில் கடைசி ஆட்டம்

சூப்பர் பவுல் எந்த ஊரில் என்பது பல வருடம் முன்பே முடிவாகிவிடும். அது பெரும்பாலும் இரண்டு அணிக்கும் அந்நிய மண். கான்ஃபரன்ஸ் இறுதி அப்படி இல்லை. பட்டியலில் மேலே இருக்கும் அணியின் சொந்த மைதானத்தில் நடக்கும். ஒரு ஊர் தன் அணியை அந்த வருடம் தன் மண்ணில் பார்ப்பது அதுதான் கடைசி.

அந்த உரிமைக்காகத்தான் செப்டம்பரிலிருந்து அடித்துக்கொள்கிறார்கள். அப்பா வந்திருந்த அந்த சீசனில் சீஃப்ஸ் 17-இல் 15 ஆட்டம் ஜெயித்து முதலிடம். பஃபலோ நகரத்து பில்ஸ் 13 ஜெயித்து இரண்டாமிடம். நவம்பரில் இரண்டும் மோதியபோது பில்ஸ்தான் 30–21 என்று ஜெயித்தது. ஆனால் மொத்தக் கணக்கில் பின்தங்கியதால், ஜனவரி 26 அன்று அவர்கள்தான் எங்கள் ஊருக்கு வர வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் ஆரோஹெட் மைதானம் 1972-இல் திறந்தது. சுமார் 76,000 பேர் அமரலாம். 2014-இல் ஓர் ஆட்டத்தில் இங்கே எழுந்த சத்தம் 142.2 டெசிபல் என்று கின்னஸ் பதிவு செய்தது. முந்தைய வருடம் ஒரு ஆட்டத்துக்கு நானும் கணவரும் போயிருந்தோம். ஆட்டம் தொடங்கப் பல மணி நேரம் முன்பே வண்டி நிறுத்துமிடம் முழுக்கப் புகை. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் அடுப்பு. மாட்டிறைச்சியின் கொழுத்த முனையைக் கருகக் கருகச் சுட்டு, தெரியாதவர்களுக்கும் தட்டில் வைத்து நீட்டினார்கள். தேசிய கீதம் முடியும்போது கடைசிச் சொல்லுக்குப் பதிலாக 'சீஃப்ஸ்' என்று மொத்த அரங்கமும் கத்தியதில் காலடியில் சிமெண்ட் அதிர்ந்தது. அதே கூட்டம் கோடாரியால் வெட்டுவதுபோல் கையை ஆட்டிப் பாடும் பழக்கத்தைப் பூர்வகுடி அமைப்புகள் பல வருடமாகக் கண்டித்து வருகின்றன. அதையும் சொல்ல வேண்டும்.

சத்தத்துக்கு ஒரு வேலையும் உண்டு. தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது ஊர்க்காரர்கள் அமைதியாகிவிடுவார்கள். எதிரணி பந்தோடு நிற்கும்போது தொண்டை கிழியக் கத்துவார்கள். குவார்ட்டர்பேக் கொடுக்கும் குரல் குறிப்பைக் கேட்டுத்தான் மற்ற பத்துப் பேரும் அசைய வேண்டும். குரல் கேட்காமல் ஒருவர் அரை நொடி முன்னால் அசைந்தாலும் ஐந்து கெஜம் அபராதம். கத்தியே நிலத்தைப் பிடுங்குகிறார்கள்.

வானிலையும் ஊர்க்காரர் பக்கம்தான். 1982 ஜனவரி 10 அன்று சின்சினாட்டியில் நடந்த அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் இறுதியில் வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி செல்சியஸ். வந்தது வெயில் ஊரான சான் டியேகோ அணி. எட்டு நாள் முன்புதான் மயாமியின் புழுக்கத்தில் ஆடி முடித்தவர்கள். சின்சினாட்டியின் முன்வரிசைத் தடியர்கள் அந்தக் குளிரில் கையில்லாச் சட்டையோடு வந்து நின்றார்கள். 27–7. பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துபோயிருக்கும்.

நீலச் சட்டை ஒன்று

ஆட்டத்தை நாங்கள் பார்த்தது பக்கத்து வீட்டில். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அந்த வீட்டுக்காரர்; சின்ன வயதிலிருந்தே சீஃப்ஸ் ரசிகர். 1970 ஜனவரிக்குப் பிறகு சூப்பர் பவுலையே எட்டாமல் ஊர் ஐம்பது வருடம் காத்திருந்த கதையை, மழை பொய்த்த வருடங்களைச் சொல்வதுபோல் சொல்வார். வீடெங்கும் சிவப்பு. நடுவில் ஒரே ஒரு நீலச் சட்டை: அவருடைய மருமகன், பஃபலோக்காரர்.

பஃபலோவின் கதை தனிச் சோகம். 1990 முதல் தொடர்ந்து நான்கு சீசன் அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் இறுதியில் ஜெயித்தார்கள். நான்கு சூப்பர் பவுலிலும் தோற்றார்கள். இன்றுவரை அந்தக் கோப்பை அவர்கள் கைக்கு வரவில்லை. இந்த இரண்டு ஊருக்கும் பகை பழசு. முதல் சூப்பர் பவுலுக்குப் போகும் இடத்துக்காக 1967 புத்தாண்டு அன்று பஃபலோவில் மோதியதே இந்த இரண்டு அணிகள்தான். அன்றும் சீஃப்ஸ் 31–7.

மதியம் நேஷனல் கான்ஃபரன்ஸ் இறுதி முதலில் ஓடியது. பிலடெல்பியா ஈகிள்ஸ், வாஷிங்டனை 55–23 என்று நசுக்கியது. லீகுகள் இணைந்த பிறகு கான்ஃபரன்ஸ் இறுதியில் வேறெந்த அணியும் 55 எடுத்ததில்லை. அப்பாவுக்கு அதில் பிடித்தது வேறு. எல்லைக்கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் ஈகிள்ஸ் நிற்க, வாஷிங்டன் வீரர் ஒருவர் பந்து நகர்வதற்கு முன்பே மனிதச் சுவரைத் தாண்டிக் குதிக்கிறார். தப்பாட்டம். ஆனால் கோட்டுக்கு அவ்வளவு அருகில் அபராதம் மீதித் தூரத்தில் பாதி மட்டும்தான். மறுபடி குதிக்கிறார், மறுபடி பாதி.

"பாதி பாதியாப் போனா எப்பம்மா போய்ச் சேர்றது?"

நடுவருக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். இப்படியே செய்தால் புள்ளியைத் தானே கொடுத்துவிட விதி இடம் தருகிறது என்று மைக்கில் எச்சரித்தார். அப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "தாசில்தார் மாதிரி பேசுறார்யா."

41-ஆவது கெஜக் கோடு

மாலை ஐந்தரைக்கு எங்கள் ஊர் ஆட்டம். அம்மா கொடுத்தனுப்பிய தட்டை முதல் கால்மணியிலேயே காலி. அப்பா சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டச் டவுனுக்கு 6 புள்ளி. அதன்பின் ஒரு கூடுதல் வாய்ப்பு: மைதானத்தின் முனையில் நிற்கும் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1, இரண்டு கெஜத்திலிருந்து மறுபடி எண்ட் ஸோனுக்குள் புகுந்தால் 2. டச் டவுன் போடாமல் தூரத்திலிருந்தே கம்பத்துக்குள் உதைத்தால் 'ஃபீல்டு கோல்', 3. அப்பா இதைத் தலைப்பு போட்டு எழுதிக்கொண்டார்.

கால்மணி என்று சொன்னேனே, ஆட்டமே நான்கு கால்மணிதான். ஆனால் கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றாவது கால்மணி முடியும்போது பில்ஸ் 22, சீஃப்ஸ் 21. நீலச் சட்டைக்காரர் உட்காரவே இல்லை.

நான்காவது கால்மணி தொடங்கிய சற்று நேரத்தில், சீஃப்ஸ் பக்கத்து 41-ஆவது கெஜக் கோட்டில் பந்து. பில்ஸுக்கு நான்காவது வாய்ப்பு. தேவை ஒரு கெஜம்.

பில்ஸ் குவார்ட்டர்பேக் ஜோஷ் ஆலன் ஆறடி ஐந்து அங்குல மனிதர். இந்த மாதிரி நேரத்தில் அவர்கள் செய்வது எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: அவரே பந்தை வாங்கி முன்னே பாய்வார், பின்னாலிருந்து மற்றவர்கள் தள்ளுவார்கள். எதிரில் சீஃப்ஸ் அணியின் மொத்தச் சுவர். பந்து அசைந்தது. நூற்றுமுப்பது கிலோ ஆட்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். அடியில் எங்கோ ஆலன். ஆலனின் கைக்குள் எங்கோ பந்து.

இரண்டு ஓரத்திலிருந்தும் கோடு போட்ட சட்டை நடுவர்கள் ஓடிவந்தார்கள். எந்த இடம் வரை பந்து போனது என்று அவர்கள் கண்ணால் பார்த்து, அதற்கு நேராகக் காலை வைக்க வேண்டும். அதுதான் முறை. டிவியில் பார்த்த எங்களுக்கு இரண்டு பேரின் கால்களும் ஒரே கோட்டில் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் குறைந்த தூரம் எண்ணப்பட்டது. பில்ஸ் எட்டவில்லை, பந்து சீஃப்ஸுக்கு.

வீடு இரண்டானது. மறுபரிசீலனை நடந்தது. ஆனால் அதற்கும் ஒரு விதி: களத்தில் சொன்ன தீர்ப்பு தவறு என்பது வீடியோவில் ஐயமின்றித் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் சொன்னதே நிற்கும். பந்தோ ஆள் குவியலுக்கு அடியில். எந்தக் கேமராவும் அதைக் காட்டவில்லை. தீர்ப்பு நின்றது. ஒளிபரப்பில் பேசிய முன்னாள் நடுவரே ஆலன் எட்டிவிட்டதாகத்தான் தனக்குத் தோன்றுகிறது என்றார்.

டிவியில் மைதானத்தின் மேல் ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. "அந்தக் கோட்டைத் தாண்டிட்டான்ல?" என்று அப்பா கேட்டார். அது தரையில் இல்லை, 1998-இலிருந்து நம் வசதிக்காக டிவிக்காரர்கள் கம்ப்யூட்டரில் வரைவது, நடுவருக்கு அது செல்லாது என்று சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தணிந்த குரலில் சொன்னார்:

"சங்கிலியை அத்தனை சுத்தமா இழுக்கறாங்க. நூல் பிசகாம அளக்கறாங்க. ஆனா பந்தை வெக்கிற இடம் கண் மதிப்பு. கல்லை எங்க நட்டாங்கன்னு கேக்காம சங்கிலியை மட்டும் இழுத்து என்ன?"

அவர் அடிக்கடி சொல்லும் அண்ணன் தம்பி வழக்கு நினைவுக்கு வந்தது. ஒரே வரப்பை மூன்று முறை அளந்தாராம். மூன்று முறையும் லிங்ஸ் கணக்கு சரி, தகராறு மட்டும் தீரவில்லை. பிறகுதான் தெரிந்தது, மூலைக்கல்லையே யாரோ ராத்திரியோடு ராத்திரியாக ஒரு முழம் நகர்த்தியிருக்கிறார்கள். 'சங்கிலி பொய் சொல்லாது, கல்லுதான் சொல்லும்' என்று அந்தக் கதையை முடிப்பார். இங்கே யாரும் எதையும் நகர்த்தவில்லை. மனிதக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் ஒரு கல்லை நட வேண்டியிருந்தது, நட்டார்கள். அவ்வளவுதான். ஆனால் பஃபலோவின் ஒரு வருடம் அந்தக் கல்லுக்கு அந்தப்பக்கமா இந்தப்பக்கமா என்று ஆகிவிட்டது.

நோட்டுக் கணக்கு

அதன்பின் சீஃப்ஸ் சீக்கிரமே முன்னேறியது. அவர்களின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் தானே ஓடி டச் டவுன் போட்டார்; கூடுதல் வாய்ப்பில் 2 புள்ளி. 29–22. ஆலன் விடவில்லை. இன்னொரு நான்காவது வாய்ப்பில் எண்ட் ஸோனுக்குள் பந்தை எறிந்து 29–29 ஆக்கினார். மூன்றரை நிமிடம் இருக்கும்போது சீஃப்ஸ் 35 கெஜ ஃபீல்டு கோல் உதைத்தது. 32–29.

மறுபடி பில்ஸ். மறுபடி நான்காவது வாய்ப்பு. இந்த முறை ஐந்து கெஜம் தேவை. சீஃப்ஸ் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஆட்களை ஏவியது. ஆலன் பின்வாங்கிக்கொண்டே, விழுவதற்கு முன் பந்தைத் தூக்கி எறிந்தார். அது அவருடைய ஆளான டால்டன் கின்கெய்டின் கைகளுக்கே வந்தது. நிற்கவில்லை, நழுவியது. நீலச் சட்டைக்காரர் எழுந்து போய்ச் சமையலறையில் தண்ணீர் குடித்தார்.

டை ஆகியிருந்தால்? பிளே ஆஃபில் டை கிடையாது, முடிவு வரும்வரை ஆட வேண்டும். முன்பு டாஸ் ஜெயித்து முதலில் பந்தைப் பெற்ற அணி அதை விடாமல் டச் டவுன் போட்டால் ஆட்டம் முடிந்தது. 2019-இல் இதே மைதானத்தில் நடந்த கான்ஃபரன்ஸ் இறுதியில் நியூ இங்கிலாந்து அப்படித்தான் ஜெயித்தது. கூடுதல் நேரத்தில் மஹோம்ஸின் கைக்குப் பந்தே வரவில்லை. 2022-இல் இன்னொரு சுற்றில் சீஃப்ஸ் அதையே பில்ஸுக்குச் செய்தது. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் இரண்டு அணிக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று பிளே ஆஃப் விதி மாறியது. பஃபலோ தோற்று, மற்றவர்களுக்கு நியாயம் கிடைத்தது.

இப்படி விதியை மாற்றிய கான்ஃபரன்ஸ் இறுதி இன்னொன்றும் உண்டு. 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில், பந்து வந்து சேரும் முன்பே லாஸ் ஏஞ்சலஸ் வீரர் ஒருவர் எதிராளி மேல் மோதித் தள்ளினார். நாடே பார்த்த தப்பாட்டத்துக்கு நடுவர் கொடி வீசவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் 26–23 என்று ஜெயித்தது. அடுத்த சீசனில் அந்தவகைத் தப்பாட்டத்தை வீடியோவில் பார்க்க விதி வந்தது. ஒரே வருடத்தில் அதை எடுத்தும்விட்டார்கள். கூடுதல் தலைவலிதான் மிச்சமாம். இத்தனைக்கும் பிளே ஆஃப் ஆட்டங்களுக்கு நடுவர்களைப் பொறுக்கி எடுப்பது வருடம் முழுக்க அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைப் பார்த்துத்தான்.

ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே மேடை போட்டார்கள். லமார் ஹண்ட் கோப்பையை வாங்கியது அவர் மகன் கிளார்க் ஹண்ட். அணியின் தலைவர் இப்போது அவர்தான். அப்பா பேரில் உள்ள கோப்பையை, அப்பா கொண்டுவந்த அணிக்காக, மகன் வாங்குகிறார். சீஃப்ஸ் தொடர்ந்து ஏழாவது வருடமாக இந்த இறுதியில் ஆடியது. இரண்டு வாரம் கழித்து நியூ ஆர்லியன்ஸ் சூப்பர் பவுலில் ஈகிள்ஸ் அவர்களை 40–22 என்று புரட்டி எடுத்தது வேறு கதை. அன்றிரவு அதைப் பற்றி இந்த ஊரில் யாருக்கும் கவலையில்லை.

அப்பா மேடையைப் பார்க்கவில்லை. நோட்டில் கூட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க பாரும்மா. இவங்க டச் டவுன் நாலு. அவங்களும் நாலு. இவங்க ஃபீல்டு கோல் ஒண்ணு. அவங்களும் ஒண்ணு. ஆளுக்கு இருபத்தேழு. சமம்."

பார்த்தேன். சரிதான். வித்தியாசம் முழுக்கக் கூடுதல் வாய்ப்பில். சீஃப்ஸ் 1, 1, 1, 2, மொத்தம் 5. பில்ஸ் இரண்டு முறை உதைத்து 2 எடுத்தது. இரண்டு முறை இரட்டைப் புள்ளிக்கு ஆசைப்பட்டு எதுவும் இல்லை. அந்த முயற்சி ஒவ்வொன்றும் கோட்டுக்கு இரண்டு கெஜம் முன்னாலிருந்து.

அப்பா நோட்டை எடுத்துக்கொண்டு போய் நீலச் சட்டைக்காரரிடம் நீட்டினார். மொழி போதாது, எண்களைக் காட்டினார். 27, 27. அந்தப் பையன் நெடுநேரம் பார்த்தான். பிறகு தாளைக் கிழித்துத் தரும்படி சைகை காட்டினான். அப்பா கிழித்துக் கொடுத்தார். அவன் அதை நான்காக மடித்து நீலச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

கல்லு நடறது யாரு?

மார்ச்சில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு செய்தி வந்தது: வரும் சீசனிலிருந்து 10 கெஜத்தை அளப்பது சங்கிலி அல்ல. மைதானத்தைச் சுற்றி ஆறு கேமராக்கள் வைத்துக் கம்ப்யூட்டர் அளக்கும். இதற்கு ஏறக்குறைய 30 நொடி போதும்; சங்கிலிக்கு அதைவிட அதிகம் ஆகும். சங்கிலி ஓரத்தில் மாற்று ஏற்பாடாக மட்டும் நிற்கும்.

ஞாயிறு போனில் அப்பாவிடம் சொன்னேன். முசிறியில் காலை; பின்னால் பால்காரர் மணி கேட்டது.

"சரிதான். இங்கயும் சங்கிலி போய் மெஷின் வந்தாச்சு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பந்தை வெக்கிற இடம்? அதையும் கேமராவா சொல்லும்?"

"இல்லப்பா. அது பழையபடி நடுவர் கண்ணாலதான். அவர் வெச்ச இடத்திலேருந்துதான் கேமரா அளக்கும்."

"கல்லு நடறது மனுஷன்தானே?"

"ஆமாப்பா."

"அப்ப அந்தப் பையன்கிட்டச் சொல்லு. தாளைப் பத்திரமா வெச்சிருக்கட்டும்."